டூரக்காவின் முன்பக்க அறை

அவளை எல்லோரும் டூரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பயண ஏற்பாடு செய்து கொடுக்கும் கடையில் வேலை. சேர்ந்த நாளிலிருந்து ஒரே நாற்காலி, ஒரே மேசை. பின்னால் சுவர் முழுக்க மலையும் கடலுமாகப் படங்கள். எந்த ரயிலில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் ஆறு தெரியும், எந்த ஓட்டலில் லிஃப்டுக்குப் பக்கத்து அறையை வாங்கினால் தூக்கம் கெடும், எந்தக் கடற்கரையில் காலையில் குளிக்கலாம், எங்கே மாலையில் கால்கூட நனைக்கக் கூடாது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஒரே ஒரு சங்கதிதான் இடித்தது. இவற்றில் ஒரு இடத்தையும் அவள் கண்ணால் பார்த்ததில்லை.

பிறகு எப்படித் தெரியும் என்று கேட்டால், எல்லாம் போய் வந்தவர்கள் வாய் வழியாகத் தெரிந்துகொண்டதுதான். கிளம்புகிறவர்கள் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு, "போயிட்டு வந்து சொல்றோம்க்கா" என்பார்கள். மற்றக் கடைகளில் அது சும்மா மரியாதைக்குச் சொல்வது. இவள் விடமாட்டாள். ஊர் திரும்பிய வாரமே போன் போட்டு வரவழைத்து, டீ வாங்கிக் கொடுத்து, எதிரே உட்காரவைத்துக் குடைவாள். படுக்கை மெத்தென்று இருந்ததா? வெந்நீர் வந்ததா? ஜன்னலைத் திறந்தால் என்ன தெரிந்தது? போலீஸ்காரர்கள்கூட அப்படிக் கேட்கமாட்டார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல அவளுக்குள்ளே வரைபடம் ஒன்று வளர்ந்துகொண்டே போகும். கூடவே வயிறும் எரியும்.

ஆமாம், எரியும். அதை மறைப்பதில் அர்த்தமில்லை. வெயிலில் கறுத்து, மூக்கு நுனி தோல் உரிந்து, வாயெல்லாம் பல்லாக வந்து உட்கார்ந்து "ஆகா, என்ன இடம்க்கா!" என்று ஒருத்தி சொல்லும்போது, டூரக்கா சிரித்தபடியே தலையாட்டுவாள். மனசுக்குள் "உனக்கு வந்த வாழ்வைப் பாரு" என்பாள். பத்துப் பேருக்குச் சமைத்துப் போட்டுவிட்டுத் தான் பட்டினி கிடப்பவளின் எரிச்சல் அது.

அவள் போடும் பயணத்துக்கென்று ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் நகரம், அப்புறம் காடு, கடைசியில் கடல். கால் தெம்பாக இருக்கும்போதே நகரத்தில் அலைந்துவிட வேண்டும். காட்டில் விடியுமுன் எழுந்தாக வேண்டும், அதற்கு இன்னும் கொஞ்சம் உற்சாகம் மிச்சமிருக்க வேண்டும். கடலில் கட்டையைச் சாய்த்துக்கொண்டு சும்மா கிடக்கலாம். இதை மாற்றிக் கேட்பவர்களை அவள் ஒரு பார்வை பார்ப்பாள், அவர்களே வாயை மூடிக்கொள்வார்கள்.

ஒருமுறை ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியரும் அவர் மனைவியும் இப்படிப் போய்விட்டு வந்தார்கள். காட்டில் ஒரு சின்ன விடுதி, முன்பக்கம் மூலை அறை. ஜன்னலுக்கு நேர் கீழே குளம். விடியற்காலையில் மான்கள் வந்து தண்ணீர் குடித்ததையும், ஒருநாள் கரடி ஒன்று குட்டியை முன்னால் விட்டுப் பின்னால் காவல் வந்ததையும் அந்த அம்மாள் சொன்னார். குட்டி தண்ணீரில் தன் முகத்தைப் பார்த்துவிட்டுப் பயந்து அம்மா வயிற்றுக்கடியில் ஓடியதாம். டீ ஆறிப்போனது தெரியாமல் டூரக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கே மனசுக்குள் தீர்மானித்துவிட்டாள்: இந்த அறை எனக்கு.

அதற்கப்புறம் அந்த விடுதிக்கு அவள் ஒருவரையும் அனுப்பவில்லை. யாராவது காடு என்று வாயெடுத்தால், "அந்தப் பக்கம் ரோடு சரியில்லைங்க" என்று சொல்லி, காட்டின் மறுபக்கத்து விடுதிக்குத் தள்ளிவிடுவாள். தான் படுக்கவேண்டிய கட்டிலில் கண்டவர்களும் படுத்துப் புரள்வதை நினைத்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சரி, போய்த்தான் தொலைத்தாளா? அதுவும் இல்லை. புருஷனுக்கு மின்சார இலாகாவில் லைன்மேன் வேலை. காற்றடித்தால் கூப்பிடுவார்கள், மழை பெய்தால் கூப்பிடுவார்கள். லீவு என்றால் அவருக்குக் கட்டில்தான் காடு, தலையணைதான் கடல். "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்பார். இவளும் "சரி" என்பாள். ஒரு வருடம் மாமியாருக்கு முழங்கால் ஆபரேஷன். ஒரு வருடம் மகளுக்குப் பரீட்சை. இன்னொரு வருடம் மாடியில் ஒழுக்கு. முன்பக்க அறை மட்டும் அவள் மனசில் தூசு படாமல் பூட்டிக் கிடந்தது.

இந்த நிலைமையில்தான் ஒருநாள் மத்தியானம் ஓரகத்தி கடைக்குள் நுழைந்தாள். புருஷனின் தம்பி மனைவி. பல் டாக்டரிடம் வரவேற்பில் வேலை. சூதுவாது தெரியாதவள், மனசில் பட்டதைப் பேசுகிறவள். அதுதான் டூரக்காவுக்கு இன்னும் கடுப்பு. கெட்டவளாக இருந்தாலாவது நிம்மதியாக வெறுத்துத் தொலைக்கலாம். வருடம் தவறாமல் புருஷனை இழுத்துக்கொண்டு எங்காவது கிளம்பிவிடுவாள். இந்த முறையும் கறுப்புக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு, ஊருக்குக் கிளம்பியே விட்டவள் போல வந்து நின்றாள்.

"அக்கா, இந்தத் தடவை உங்க கையாலதான். சிட்டி, காடு, கடல், மூணும் வேணும். எப்படிப் போடுறீங்களோ போடுங்க."

"போட்டுட்டாப் போச்சு. உக்காரு."

"காட்டுல மட்டும் அந்த ரூம் வேணும்க்கா."

"எந்த ரூம்?"

"அதான், நீங்க சொல்வீங்களே. ஜன்னலைத் திறந்தா கரடி தண்ணி குடிக்கும்னு. அத்தை ஆஸ்பத்திரியில இருந்தப்போ ராத்திரி முழிச்சிருந்து சொன்னீங்களே, மறந்துட்டீங்களா? அப்பவே எனக்கு ஆசை."

டூரக்காவுக்குச் சுருக்கென்றது. தன் வாயைத் தானே நொந்துகொண்டாள். யாருக்கும் காட்டாமல் வைத்திருந்ததை, மாமியார் கட்டிலோரம் தூக்கம் வராமல் இவளிடமா கொட்டிவைத்தோம்? இவளுக்கு நகரம் உண்டு, கடல் உண்டு, சொன்ன சொல்லுக்குக் கிளம்புகிற புருஷன் உண்டு. என் ஒற்றை ஜன்னலும் வேண்டுமாமே!

"கேட்டுப் பாக்குறேன்" என்று போனை எடுத்தாள். விடுதி மேனேஜர் பேசினார். வெகு காலம் கழித்து இவள் குரலைக் கேட்ட சந்தோஷம் அவருக்கு.

"முன்பக்க மூலை ரூம் கிடைக்குமா?" என்றாள்.

"முன்பக்கமாக்கா? அது இப்போ..." என்று அவர் ஆரம்பித்தார்.

"இல்லையா? அடடா!" என்று இவள் ஓரகத்தியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே குரலை உயர்த்தினாள். "சரி, பின்பக்கம், வண்டி நிறுத்துற இடத்தைப் பாத்த மாதிரி ஒரு ரூம் இருக்குமே, அதையே போடுங்க."

"அதைத்தான்க்கா நானும்..."

டக்கென்று போனை வைத்துவிட்டாள்.

"முன்பக்கம் யாரோ பிடிச்சிட்டாங்களாம். பின்பக்கம்தான் இருக்கு."

"பரவாயில்லக்கா, ராத்திரி தலை சாய்க்க ஒரு இடம்தானே" என்று ஓரகத்தி சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து டூரக்காவுக்குக் கொஞ்சம்கூட இரக்கம் வரவில்லை. வண்டிகள் கிளம்பும் சத்தத்தில் விடியட்டும், புகை நாற்றத்தில் பல் துலக்கட்டும் என்றுதான் தோன்றியது.

ஆனால் மற்ற ஏற்பாட்டில் அவள் குறை வைக்கவில்லை. தொழில் என்று வந்துவிட்டால் அவள் கை தப்பாகப் போகாது. ரயிலில் ஆறு தெரிகிற பக்கத்து ஜன்னல், நகரத்தில் சந்தைக்கு நடந்து போகிற தூரத்தில் ஓட்டல், கடற்கரையில் அலைச் சத்தம் கேட்கும் அறை. ஒவ்வொன்றையும் செதுக்கினாள். செதுக்கச் செதுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

நகரத்திலிருந்து ஓரகத்தி போன் செய்தாள். "எல்லாம் நீங்க சொன்ன மாதிரியே இருக்குக்கா." காட்டுக்குப் போனபின் பேச்சுமூச்சே இல்லை. டூரக்காவுக்கு அந்த அமைதி இனித்தது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், கொழுந்தன் "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று பாய்ந்துகொண்டிருப்பான் என்று நினைத்துப் பார்த்தாள். அன்றைக்குச் சாப்பாடுகூட ருசியாக இருந்தது.

திரும்பி வந்த ஓரகத்தியை டீ கொடுத்து எதிரே உட்காரவைத்தாள். வழக்கம் அல்லவா. குறைகளைக் காது குளிரக் கேட்கலாம் என்ற ஆசையும் இருந்தது.

"காடு எப்படி இருந்துச்சு?" என்றாள், அப்பாவி போல.

ஓரகத்தி எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

"உங்களை மாதிரி யாரு செய்வாங்க? முன்பக்கம் இல்லைன்னு பொய் சொல்லி, இருக்கறதுலேயே நல்ல ரூமைக் குடுத்திருக்கீங்களே!"

டூரக்கா விழித்தாள். ஓரகத்தி போனை நீட்டினாள். படத்தில் குளம். குளக்கரையில் கரடி. அதன் வயிற்றுக்கடியில் குட்டி.

"இது எங்கே?"

"நம்ம ரூம் ஜன்னல்தான்க்கா! முன்பக்கக் குளம் தூர்ந்து போய் எத்தனையோ வருஷம் ஆச்சாம். பின்னாடி வண்டி நிக்கிற இடத்தை எடுத்துட்டு அங்க புதுக் குளம் வெட்டிட்டாங்க. இப்ப அத்தனை மிருகமும் பின்பக்கம்தான் வருது. 'உங்கக்கா விவரம் தெரிஞ்சவங்க, போன்லயே பின்பக்கம்தான் வேணும்னு கேட்டுட்டாங்க'ன்னு மேனேஜர் சொன்னாரு. உங்க முன்பக்க ரூமையும் எட்டிப் பாத்தேன். பழைய மெத்தையா அடுக்கி வச்சிருக்காங்க. ஜன்னலைப் புதர் மூடிக்கிச்சு. திறக்கவே வரலை."

டூரக்காவால் மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. முதலில் வந்தது அறை போன துக்கம்கூட இல்லை. தன் அறையைத் தனக்கு முன்னால் இவள் எட்டிப் பார்த்துவிட்டாளே என்ற ஆத்திரம்தான். தான் மண்ணை அள்ளிப் போட்ட இடத்திலும் இவளுக்குக் கரடி வந்து குட்டியைக் காட்டிவிட்டுப் போயிருக்கிறது. நன்றி வேறு சொல்கிறாள். "அதெல்லாம் என்ன பெரிய விஷயம்" என்று டூரக்கா அசடு வழிந்தாள். உண்மையை அன்றைக்கும் சொல்லவில்லை, என்றைக்கும் சொல்லவும் மாட்டாள்.

ஓரகத்தி போனபிறகுதான் மற்றது உறைத்தது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் போய் வந்தவர்கள் சொன்னது. அந்த விடுதிக்கு ஒருவரையும் போகவிடவில்லை, அதனால் வந்து சொல்லவும் ஆள் இல்லை. குளம் தூர்ந்து, புதர் மண்டி, மெத்தை அடுக்கிய ஓர் அறையை ஊரார் கண் படாமல் இத்தனை காலம் காவல் காத்திருக்கிறாள். நினைக்க நினைக்க அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

சாயங்காலம் புருஷன் சாப்பிடும்போது சொன்னாள். தான் சொன்ன பொய்யை மட்டும் விட்டுவிட்டு.

"ரூம் போனா என்ன, காடு அங்கேதானே இருக்கு?" என்றார் அவர்.

"உங்களுக்கு எல்லாம் லேசுதான். நீங்க கூட்டிட்டுப் போயிருந்தா..."

"நான் எப்பவும் அடுத்த வருஷம்னுதான் சொல்லுவேன். நீ ஒரு தடவையாவது 'முடியாது, கிளம்புங்க'ன்னு சண்டை போட்டிருக்கியா? உடனே சரின்னுடுவே. போயிட்டு வந்தவங்க கதையைக் கேட்டுக் கேட்டே இவளுக்கு அலுத்துப்போச்சு, போக ஆசையில்லன்னு நினைச்சேன்."

"ஆசை இல்லையா? எனக்கா?" என்று கத்திவிட்டுக் கரண்டியைப் பாத்திரத்தில் எறிந்தாள். அவர் பயந்துபோய் இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டார்.

மறுநாள் கடை திறந்ததும் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரும் அவர் மனைவியும் வந்தார்கள். நகரம், காடு, கடல். காட்டு விடுதியின் பெயரை யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"அந்தப் பக்கம் ரோடு..." என்று டூரக்காவின் வாய் தன்னால் ஆரம்பித்தது. பாதியில் நின்றது.

"ரோடு எப்படின்னு எனக்குத் தெரியாதுங்க" என்றாள். இருபது வருடத்துக்கு மேலாக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் முதல் தடவையாகத் தெரியாது என்றதைக் கேட்டு, அடுத்த மேசையில் இருந்த முதலாளி தலையைத் தூக்கினார். அவள் போனை எடுத்தாள்.

"பின்பக்க ரூம் எப்ப காலி?" என்று கேட்டு, இந்தத் தடவை மேனேஜர் முழுசாகப் பேசி முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"யாருக்குக்கா?" என்றார் அவர்.

"எனக்கும் எங்க வீட்டுக்காரருக்கும்."

எதிரே இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அப்ப எங்களுக்கு?" என்றாள் அந்த மனைவி, பாவமாக.

"உங்களுக்கு அதுக்கு அடுத்த வாரம்" என்றாள் டூரக்கா. தனக்கு முன்னால் இன்னும் ஒருத்தி அந்த ஜன்னலைத் திறப்பதை அவளால் இப்போதும் தாங்க முடியாது. "முதல்ல நான் போயிட்டு வந்து சொல்றேன்."