தட்டு கொண்டுவரவும்

சேரப்பணஞ்சேரியில் எங்கள் தெருக்கோடியில் ரகுபதியின் லைன் வீடு இருக்கிறது. வரிசையாகப் பத்து அறைகள். ஆறாவது அறையில் சந்தனமாரி குடியிருக்கிறாள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், முப்பது வயது. கார் உதிரிபாகக் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. குறை கண்டுபிடிப்பதற்குத்தான் சம்பளம் என்பதால் லீவு நாளிலும் அந்தக் கண் சும்மா இருக்காது. என் வீட்டு கேட் ஒரு பக்கம் இறங்கியிருப்பதைச் சொன்னவள் அவள்தான். நான் கேட்கவில்லை, அவளாகவே சொன்னாள்.

இங்கே வருவதற்குமுன் ஐந்து வருஷம் கம்பெனி ஹாஸ்டல். கணவன் திருப்பூரில் வேறு குடித்தனம் போட்டுக்கொண்டு போய்விட்டான். ஹாஸ்டலில் பிள்ளைகளைச் சேர்க்க மாட்டார்கள். அதனால் மகள் கனிஷ்கா கைக்குழந்தையிலிருந்தே ஊரில் அக்கா வீட்டில் வளர்ந்தாள். போன ஜூனில் இந்த அறை கிடைத்த பிறகுதான் அழைத்துவந்து எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தாள். வந்த புதிதில் அந்தப் பிள்ளை பெற்றவளையே சித்தி என்று கூப்பிட்டது. அக்கா பிள்ளைகள் கூப்பிடுவதைக் கேட்டு வளர்ந்த பழக்கம். அம்மா என்று வாயில் வருவதற்குத் தீபாவளி ஆகிவிட்டது.

கார்த்திகை மழையில் வந்தது வினை. லைன் வீட்டு இளவட்டங்கள் ஷிப்ட் நேரத்தில் கம்பெனி கேன்டீனில் சாப்பிடுவார்கள், அறைக்கு வந்தால் மெஸ் பார்சல்தான். சாம்பார் ஒரு கவர், சட்னி ஒரு கவர், சால்னா ஒரு கவர். தின்றுவிட்டுப் பின்பக்கம் வீசுவார்கள். பின்பக்கம் ஏரிக்குப் போகிற கால்வாய். அது அடைத்துக்கொண்டு தண்ணீர் ரகுபதியின் கழனியில் ஏறி, நட்ட பயிர் அழுகிப்போனது. கம்பெனிகளுக்கு விற்றதுபோக அவருக்கு மிஞ்சியிருந்தது அந்த முக்கால் ஏக்கர்.

ரகுபதி சத்தம் போடவில்லை. தை பிறந்ததும் பத்து ரூமும் காலி பண்ண வேண்டும் என்று ஒவ்வொரு கதவாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். பையன்களுக்கு அது பெரிய விஷயமில்லை, பென்னலூரில் போய் ஒண்டிக்கொள்வார்கள். பிள்ளையோடு தனியாக இருக்கிற பெண்ணுக்கு யார் தருவார்கள்? சந்தனமாரி மூன்று ஊரில் கேட்டாள். மூன்று ஊரிலும் வீட்டுக்காரர் எங்கே என்றுதான் கேட்டார்கள்.

கடைசியில் ரகுபதியிடமே போனாள்.

"ஒரே ஒரு ஞாயித்துக்கெழம குடுங்க அண்ணாச்சி. கால்வாயச் சுத்தம் பண்ணி, அன்னைக்கு ஒரு கவரு இல்லாம இருந்து காட்டுதோம். அதப் பாத்துட்டுச் சொல்லுங்க."

எங்கள் பக்கம் அண்ணாச்சி என்றால் மளிகைக் கடைக்காரர். ரகுபதிக்கு அப்படிக் கூப்பிட்டாலே பிடிக்காது. இருந்தாலும் தலையாட்டினார். அன்றைக்கு ஒரு கவர் கண்ணில் பட்டாலும் பேச்சே கிடையாது என்றார்.

சும்மா சொல்லக்கூடாது, வேலை என்றால் அவள் வேலைதான். யார் மண்வெட்டி, யார் மூட்டை, யார் அடுப்பு என்று கம்பெனியில் போடுவதுபோலவே பட்டியல் போட்டாள். பிளக்ஸ் பேனர் கூடாதென்று பழைய பெட்ஷீட்டில் எழுதிக் கட்டினாள். மார்கழி மூன்றாம் ஞாயிறு, காலை ஏழுக்குக் கால்வாய், பன்னிரண்டுக்குச் சாப்பாடு, தட்டு கொண்டுவரவும். பக்கத்து லைன் வீடுகளிலிருந்தும் சேர்ந்து எண்பது பேர் வந்தார்கள். நாங்கள் வேடிக்கை பார்க்கப் போனோம். இருபத்திரண்டு மூட்டை குப்பை ஏறியது. தண்ணீர் நகர ஆரம்பித்தது.

பன்னிரண்டுக்கு எல்லோரும் கை கழுவிவிட்டு, கம்பெனிப் பழக்கத்தில் அழகாக வரிசையில் நின்றார்கள். அப்போதுதான் தெரிந்தது. இசக்கிபாண்டி என்கிற பையன் குளிக்கிற மக்கைக் கொண்டுவந்திருந்தான், கழுவினதுதான் என்றான். ஒருத்தி கையில் குக்கர் பாத்திரம். ஒருவன் டிபன் பாக்ஸ் மூடி வைத்திருந்தான். மற்றவர்கள் கையில் ஒன்றுமே இல்லை. யாரிடமும் தட்டு என்று ஒன்று கிடையாது. கேன்டீனில் தட்டு அங்கேயே இருக்கும். அறையில் கவரைப் பிரித்து அந்தத் தாளிலேயே சாப்பிடுவார்கள்.

நான் சிரித்துவிட்டேன், உள்ளதைச் சொல்ல என்ன. மயிரிழைக் கீறலைக் கண்டுபிடிக்கிறவள் இதை விட்டுவிட்டாளே! அவள் அறையிலும் ஒரே ஒரு தட்டுதான். மகள் சாப்பிட்டு முடித்ததும் அதைக் கழுவி இவள் சாப்பிடுவாள். அதுவே பழகிவிட்டதால் தோன்றவில்லை.

ஒரகடம் போய்க் காகிதத் தட்டு கட்டு வாங்கிவருவதாக இசக்கிபாண்டி வண்டியை எடுத்தான். அதிலும் உள்ளே பிளாஸ்டிக் பூசியிருக்கும் என்று அவள் தடுத்தாள். வாழை இலைக்குப் படப்பை போக வேண்டும். ஒரு மணிக்கு ஓவர்டைம்காரர்களை ஏற்றிப்போகக் கம்பெனி பஸ் வந்துவிடும். வரிசையின் பின்னாலிருந்து ஒவ்வொருவராகக் கழன்று மெஸ் பக்கம் நடந்தார்கள். திரும்பினால் கையில் கவர் இருக்கும். ரகுபதி ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

சந்தனமாரி கரண்டியோடு அண்டா பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். ரகுபதியின் மனைவி சின்னப்பொண்ணு குனிந்து என்னவென்று கேட்டாள்.

"நான்தான் அவ அம்மான்னு எம்பிள்ளைக்கு இப்பத்தாங்க்கா மனசுல பதிஞ்சிருக்கு. திரும்ப ஊர்ல கொண்டுபோய் விட்டா மறுபடியும் சித்திதான்."

சின்னப்பொண்ணு நிமிர்ந்தாள். வீட்டுக்குள் போய், ஸ்டூலைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிப் புருஷனைக் கூப்பிட்டாள். எங்கள் ஊரில் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீர் எதுவானாலும் பேர் வெட்டின எவர்சில்வர் தட்டு வந்து சேரும். பரணுக்குப் போனால் இறங்காது. ரகுபதி இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தவர். அவள் அடுக்கு அடுக்காக இறக்கினாள். பார்த்துக்கொண்டு நிற்க முடியுமா? நாங்களும் போய் எடுத்துவந்தோம்.

பஸ் வருவதற்குள் எல்லோரும் சாப்பிட்டார்கள். அவரவர் தட்டை அவரவரே கழுவினார்கள். சந்தனமாரி ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தாள். மஞ்சள் கறை இருந்ததென்று இசக்கிபாண்டியை இரண்டு தடவை திருப்பி அனுப்பினாள். அடுக்கிக் கொண்டுபோய் ரகுபதி முன்னால் வைத்தபோது அவர் தொடவில்லை.

"இன்னாத்துக்கு மறுபடியும் மேல ஏத்திகினு? ஆளுக்கு ஒண்ணு வெச்சிக்கட்டும். இனிமே மெஸ்ஸுக்கு இத்த எடுத்துகினுதான் போவணும். கவருல வாங்கியாந்தா அன்னிக்கே ரூமு காலி."

தையைப் பற்றி அவர் பேசவில்லை. யாரும் கேட்கவுமில்லை. அவரே ஒவ்வொருவருக்காக எடுத்துக் கொடுத்தார். அவள் முறை வந்தபோது ஒன்றை எடுத்து நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"ரெண்டு வேணும், அண்ணாச்சி."

ரகுபதி அவளைப் பார்த்தார், கனிஷ்காவைப் பார்த்தார். இன்னொன்றையும் எடுத்து மேலே வைத்தார். அது என் கல்யாணத்துக்கு வந்த தட்டு. என்னை யாரும் கேட்கவில்லை. போகட்டும்.

அன்று சாயங்காலம் அந்தப் பக்கம் போனேன். ஆறாவது அறையின் கதவு திறந்திருந்தது. அம்மாவும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒரே நேரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.