அவளுக்கென்று எழுதிய பாடம்

ஒன்பதாம் வகுப்பு முடியும் சமயத்தில் எங்கள் பள்ளியில் சில பெற்றோரைக் கூப்பிட்டு, பக்குவமாகப் பேசி டி.சி. வாங்க வைப்பார்கள். பத்தாவதில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்ட வேண்டுமே! அந்த வருடம் அப்படிப் போகவிருந்தவள், என் அறிவியல் வகுப்பின் கடைசி பெஞ்சுப் பெண். எழுத்துக் கூட்டி வரியை முடிப்பதற்குள் அதன் தொடக்கம் அவளுக்கு மறந்துவிடும். காதால் கேட்டாலோ கற்பூர புத்தி.

அவளைப் பத்தாவதுக்கு ஏற்றியே தீருவது என்று எனக்கு வீம்பு. போனில் ஏஐ செயலியிடம் பாடத்தைச் சின்னச் சின்ன வாக்கியங்களாக்கித் தரச் சொன்னேன். சவ்வூடு பரவலுக்கு அது கிரான்பெரிப் பழத்தை உதாரணம் காட்டியது. திண்டுக்கல்லில் அதை யார் கண்டது? உப்புத் தூவிய ஆயக்குடிக் கொய்யாவைப் போடு என்று அதட்டி மாற்றினேன். செயலி கரகரவென்று வாசித்ததை அவள் என் போனில் காதை வைத்துக் கேட்டாள்.

“மிஸ், எலுமிச்சங்கா ஊறுகாய்க்கு உப்புப் போட்டா தண்ணி விடுதே, அதானே இது?”

வகுப்பே திரும்பிப் பார்த்தது. எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

விஷயம் தலைமையாசிரியைக்குப் போனது. அவளுக்கென்று நான் சுருக்கி எழுதிக் கொடுத்த பாடத் தாளையும், மற்றவர்களுக்குக் கொடுத்த தாளையும் கேட்டு வாங்கினார். பாராட்டத்தான் போகிறார் என்று பூரித்துப்போனேன்.

ஆண்டுத் தேர்வுக்கு முன்பு, தலைமையாசிரியை கூப்பிட்டனுப்ப, அவளுடைய அம்மா நூல் மில்லிலிருந்து நேராக அவர் அறைக்கு வந்து நின்றார். மேசைமேல் இரண்டு தாள்களும் இருந்தன.

“இது மத்த புள்ளைகளுக்கு. இது உங்க மகளுக்கு மிஸ் தனியா எழுதுனது. பத்தாவதுல எல்லாருக்கும் ஒரே கேள்வித்தாள்தாம்மா. அங்க யாரு சுருக்கிக் குடுப்பா?” என்றார் தலைமையாசிரியை.

“டாக்டர் சான்று வாங்குனா, அவ சொல்லச் சொல்ல எழுத ஆள் கேக்கலாம் மேடம். அவளுக்குப் பாடம் புரியுது,” என்றேன்.

“சரி, சான்று கெடைக்கலைன்னா? ரிசல்ட்டுக்கு நீங்க பொறுப்பா?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் பொறுப்பு என்று சொல்ல வாய் வரவில்லை.

அந்த அம்மா என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். “எம்புள்ளைக்கின்னு இம்புட்டுப் பாடுபட்டு எழுதியிருக்கீகளே டீச்சர், உங்களுக்குக் கோடிப் புண்ணியம்.” அந்தக் கையாலேயே டி.சி.க்குக் கையெழுத்துப் போட்டார். அவர் வாசலைத் தாண்டியதும் தலைமையாசிரியை என் பக்கம் திரும்பினார்.

“அடுத்த வருசம் ஜூன்லயே எல்லாப் புள்ளைகளுக்கும் இதே மாதிரி தாள் போட்ருங்க டீச்சர். எந்தப் புள்ளைக்கு இது தேவைப்படுதுன்னு பாத்தா, யார் யார அனுப்பணும்னு முன்னாடியே தெரிஞ்சிரும்.”