ஒரு காலில் இருந்த வித்தியாசம்

என் தங்கை ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளோடு சேர்ந்த பதினோரு பெண்களில் முதல் கோடையைத் தாண்டி நின்றவர்கள் இரண்டே பேர், ஒருத்தி அவள். கை வெந்துபோகிறது என்று மேற்பார்வையாளரை மூன்று மாதம் விடாமல் நச்சரித்து, எல்லோருக்கும் ரப்பர் கையுறை வாங்கித் தந்தாள். புருஷன் போன பிறகு தனியாளாக மகளை வளர்த்து நர்சிங் படிக்க அனுப்பினாள். நாற்பத்தாறாம் வயதில் தன் கட்டிலைத் திரும்பப் பிடித்தாள்.

கட்டிலைப் போய் யாராவது இழப்பார்களா என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்டேன்.

அவளுக்கு ரத்த அழுத்தம் நூற்றெழுபதைத் தொட்டுவிட்டது என்று மகள் விடுதியிலிருந்து போன் செய்ததும், தையல் மெஷினை மூடி வைத்துவிட்டு அவள் வீட்டுக்குப் போனேன். பிப்ரவரி 4, திங்கட்கிழமை. ஒரு அறை, ஒரு சமையலறை. பாத்திரங்கள் பளபளவென்று இருந்தன. புடவைகள் மூலை பிசகாத அடுக்கு. சலவைக்கூடத்தில் அவளை ‘மடிப்பு’ என்றுதான் கூப்பிடுவார்கள். நாளுக்கு நானூறு விரிப்பு மடிக்கிறவள். அப்படிப்பட்டவள் வீட்டில் வாசலிலிருந்து கட்டில் வரை காகிதப் பைகள். எண்ணினேன், முப்பத்தேழு. கட்டிலில் மட்டும் பதினொன்று. மீதி இடத்தில் அவள் முடங்கிப் படுத்திருக்கிறாள்.

உடுப்பையும் பாத்திரத்தையும் இப்படி வைத்திருக்கிறவளுக்குக் காகிதத்தோடு மட்டும் என்ன உறவு? எனக்குப் பிடிபடவில்லை. ஒரு பையைக் கொட்டினேன். மாத்திரை டப்பாவுக்குள் வரும் தாள், மின்விசிறி வந்த அட்டை, முன்பு குடியிருந்தவரின் தண்ணீர் வரி நோட்டீஸ், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கணக்குப் பரீட்சைத் தாள்.

“ஏண்டி, எலி மருந்து நோட்டீஸை எதுக்கு வச்சிருக்க?”

“அதுல சீல் இருக்கேக்கா.”

“சீல் இல்லடி, எலி.”

சிரித்தாள். பிறகு அடுப்படியில் உட்கார்ந்து காரணத்தைச் சொன்னாள். மகளின் பிறப்புச் சான்றிதழை ஒருமுறை எண்ணெய் டப்பாவுக்கு அடியில் விரித்துவிட்டாளாம். புதிதாக வாங்க நாலு மாதம் அலைந்திருக்கிறாள். “அன்னையிலேருந்து எந்தத் தாள் வந்தாலும் வெளிய விடறதில்ல. இதுல எது என் தலையெழுத்துன்னு எனக்கெப்படிக்கா தெரியும்?”

நான் எட்டாவது முடித்த கையோடு வேலைக்குப் போனேன். அம்மா படுத்த படுக்கை. வீட்டைப் பார்த்துக்கொள்ள நின்றவள் இவள். பள்ளிக்கூட வாசலை மிதிக்கவில்லை. எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் அதற்கும் இந்தப் பைகளுக்கும் நான் முடிச்சுப் போட்டுப் பார்த்ததே இல்லை.

அவள் தூக்கம் போனதற்கு வேறு காரணமும் இருந்தது. தற்காலிக ஆட்களை நிரந்தரமாக்குகிறார்கள். பதினோரு வருடத்துக்கு முன்பு கொடுத்த முதல் வேலை உத்தரவை மார்ச் 15க்குள் காட்டவேண்டும். இல்லாவிட்டால் பெயர் பட்டியலில் ஏறாது. அலுவலகத்தில் நகல் இல்லையாம். அந்த ஒற்றைத் தாள் முப்பத்தேழு பைகளில் எங்கேயோ இருந்தது.

இரண்டு அட்டைப்பெட்டி எடுத்தேன். ஒன்றில் ‘வேண்டும்’ என்றும் மற்றதில் ‘வேண்டாம்’ என்றும் கொட்டை எழுத்தில் எழுதினேன். நான் படித்து எந்தப் பெட்டி என்று கையைக் காட்டுவேன், அவள் அதில் போடுவாள். நான்காம் நாள், பதினாறாவது பையில், உத்தரவு கிடைத்தது. ‘வேண்டும்’ பெட்டியில் என் கையாலேயே வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் ஒரு பெட்டியைக் காணோம்.

“பழைய பேப்பர்காரர் வந்தாருக்கா. வேணாம் பெட்டியத் தூக்கிக் குடுத்துட்டேன்.”

மூலையில் ‘வேண்டாம்’ பெட்டி பத்திரமாக உட்கார்ந்திருந்தது.

ஈரத் தலையோடு ஓடினேன். அவள் எனக்கு முன்னால் ஓடினாள். தெருக்கோடிக் கடையில் அந்த மனிதர் எங்கள் பெட்டிமேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“எழுந்திருங்கண்ணே! அதுல ‘வேண்டும்’னு எழுதியிருக்கே, பாக்கலையா?”

“பாத்தேனே. எனக்கு வேணும்னுதான் எழுதிக் குடுத்திருக்கீங்கன்னு நெனச்சேன்.”

பெட்டியில் பாதியை வேறு குவியலில் கொட்டியிருந்தார். மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் துழாவினோம். உத்தரவு அவர் கைக்குத்தான் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவள் அழவில்லை. இரண்டு பெட்டிகளையும் அருகருகே வைத்து உற்றுப் பார்த்தாள். “முதல்ல ஒரே எழுத்து, கடைசியிலயும் ஒரே எழுத்து. நான் முதல் எழுத்தை மட்டும் அடையாளம் வச்சிருந்தேன். எங்கக்கா மாறுது?”

மூன்றாவது எழுத்தைக் காட்டினேன். “இது டு. இது டா. பக்கத்துல நிக்குது பாரு, அதுக்குப் பேரு கால்.”

“ஒரு கால்லதான் வித்தியாசமா? இதுக்கா என் வேலையே போக இருந்துச்சு!”

அன்றைக்கே அவள் ஒரு சட்டம் போட்டாள். புதிதாக ஒரு எழுத்தாவது படிக்காமல் எந்தத் தாளும் வெளியே போகக்கூடாது. மாத்திரைத் தாளில் ‘மா’. மின்விசிறி அட்டையில் ‘மி’. எலி நோட்டீஸில் ‘எ’, ‘லி’ இரண்டுமே. சலவைக்கூடம் விட்டு வந்து முகம் கழுவியதும் ஒரு பையை இழுத்துக்கொண்டு உட்காருவாள். கேள்விக்குக் குறைவே இல்லை. ஒற்றைக்கொம்பு ஏன் முன்னால் நிற்கிறது? ‘லி’க்கும் ‘வி’க்கும் ஏன் ஒரே முகம்? எனக்குத் தெரியாததைத் தெரியாது என்றே சொன்னேன். பைகள் குறைந்தன, கட்டிலின் கால்மாடு தெரிந்தது. ஒரு நாள் வேலைக்குப் போய் வந்து காலை நீட்டிப் படுத்தவள், நான் தட்டு கழுவி முடிப்பதற்குள் குறட்டை விட்டாள். மருத்துவமனையில் அவள் ரத்த அழுத்தத்தை அளந்து பார்த்த நர்ஸ், நூற்று நாற்பது என்று சொல்லி நம்பாமல் மறுபடியும் அளந்தாள்.

கெடுவுக்கு ஒரு நாள் முன்னதாகவே அலுவலகத்துக்குப் போனோம். எழுத்தர் உத்தரவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “காகிதம் சரியா இருக்கும்மா,” என்று பதிவேட்டைத் திறந்து, மைப்பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினார்.

“பேனா குடுங்க சார்.”

என்னை ஒரு தரம் பார்த்தாள். ஐந்தெழுத்துப் பெயர். நான்காவது எழுத்தில் கால் வரும்; அதை மட்டும் கொஞ்சம் நீளமாக இழுத்துவிட்டாள். எழுத்தர் பட்டியலில் அவள் பெயரை ஏற்றிவிட்டு, தேதியையும் நீயே போடு என்றார். எண்கள் அவளுக்கு முன்பே தெரியும். 14-3-2019, வியாழக்கிழமை.