இருபத்து மூன்றாவது ஃபார்ம்

பெருங்களத்தூர் பக்கம் ஒரு பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து போன வருடம் ஓய்வு பெற்றவள் நான். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காக என் தவறு ஒன்றை எழுதி வைக்கிறேன். சரியாகச் செய்ததையெல்லாம் பிரிவு உபசார விழாவிலேயே சொல்லித் தீர்த்துவிட்டார்கள்.

பள்ளிச் சூழல் எப்படி இருக்கிறது என்று சர்வே எடுக்கச் சொன்னார் எங்கள் கரஸ்பாண்டென்ட். பிள்ளைகளுக்குப் பதினைந்து கேள்விகள். 'எப்போதும்', 'சில நேரம்', 'ஒருபோதும் இல்லை' என்று டிக் அடிக்க வேண்டும். பெயர் எழுத வேண்டாம் என்று கொட்டை எழுத்தில் போட்டேன். ஆனால் முப்பது வருடப் பழக்கம் விடுமா? 'ஃபார்ம்களை ரோல் நம்பர் வரிசையில் அடுக்கி ஆபீசில் கொடுக்கவும்' என்று சர்க்குலரில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். ஒருவருக்கும் உறைக்கவில்லை.

எல்லா வகுப்பிலும் 'எப்போதும்' குவிந்தது. எட்டாம் வகுப்பு பி பிரிவில் ஒரே ஒரு ஃபார்மில், 'பள்ளியில் பயமில்லாமல் இருக்கிறேன்' என்பதற்கு 'ஒருபோதும் இல்லை'. வகுப்பாசிரியை மேலிருந்து எண்ணிப் பார்த்திருக்கிறார். இருபத்து மூன்று. நஸ்ரின்.

"ஏம்மா, எல்லாரும் நல்லா இருக்குன்னு சொல்றாங்க, உனக்கு மட்டும் என்ன பயம்?" என்று வகுப்பிலேயே எழுப்பிக் கேட்டுவிட்டார். வகுப்பு சிரித்தது. மறுநாளிலிருந்து அவள் வரவில்லை.

நான்கு நாள் கழித்துத்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. அன்று மாலையே அவள் வீட்டுக்குப் போனேன். தையல் மிஷினில் இருந்த அம்மா எழுந்து நாற்காலி போட்டார்.

"வேற ஸ்கூல் பாத்துகினு கீறோம் மேடம். இனிமே அங்க போவ மாட்டேன்னு ஒரே அழுகை."

நஸ்ரினிடம், "என்ன பயம்மா?" என்று கேட்டேன். அம்மாவை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"பாத்ரூம்ல தாழ்ப்பா இல்ல மிஸ். வெளிய ஒருத்தி கதவ புடிச்சிகினு நிக்கணும். அவ வுட்டுட்டு ஓடிட்டா எல்லாரும் சிரிப்பாங்க. அதான் ஸ்கூல்ல தண்ணியே குடிக்க மாட்டேன்."

ஆசிரியர் கழிவறையைத் தாண்டி எட்டிக்கூடப் பார்க்காத எனக்கு வெட்கமாக இருந்தது. "அடுக்கச் சொன்னது நான்தான்மா. தப்பு என்னோடது, மன்னிச்சுக்கோ" என்றேன்.

மறுநாளே கார்ப்பென்டரை வரவழைத்து எட்டுக் கதவுக்கும் தாழ்ப்பாள் போட்டோம். வகுப்பாசிரியையும் அவள் வீட்டுக்குப் போய்ப் பேசினார். கெட்டவர் இல்லை, நான் எழுதியபடி அடுக்கியவர். திங்கட்கிழமை நஸ்ரின் வந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் வகுப்புக்குப் போனாள். அதுவே போதும் என்றிருந்தது.

சர்வேயை மறுபடி எடுத்தோம், பூட்டிய பெட்டி வைத்து. இந்த முறை 'எப்போதும்' வெகுவாகக் குறைந்தது.

"என்ன மேடம், போன தடவையவிட மோசமா இருக்கே?" என்றார் கரஸ்பாண்டென்ட்.

"இப்பதான் சார் ஒழுங்கா அளந்திருக்கோம்."

மனிதர் சிரிக்கவில்லை. ஆனால் பிள்ளைகள் எழுதிய குறைகளை ஒவ்வொன்றாகச் சரிசெய்ய ஒப்புக்கொண்டார்.

ஒரு வாரம் கழித்து, மதிய இடைவேளையில் நஸ்ரின் என் அறை வாசலில் வந்து நின்றாள். மறுபடி என்ன ஆச்சோ என்று பதறிவிட்டேன்.

"மிஸ், மூணாவது கதவுல தாழ்ப்பா இறுகிகினு கீது. ஆள அனுப்புங்க."

ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு நானே கூடப் போனேன். சர்வே எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு பிள்ளை ஃபார்ம் எதுவும் இல்லாமல், நேரே வந்து உங்களை வேலை வாங்குகிறதா என்றும் பாருங்கள்.