அவர் தூக்காத கை

எங்கள் வீட்டு ஸ்டோர் ரூமில் நீல நிற ஐஸ் பெட்டி ஒன்று இருக்கிறது. அதன் மூடியின் ஓரத்தில் மஞ்சள் வயரிங் டேப் ஒரு சுருளாக ஒட்டிக்கிடக்கும். வெயில் பட்டுப் பட்டுப் பசை உருகி, மூடியோடு மூடியாகிவிட்டது. “இதச் சுரண்டிப் போட்டா என்ன? பாக்க அசிங்கமா இருக்கு” என்று மனைவி இரண்டு முறை கத்தியோடு வந்தாள். இரண்டு முறையும் பெட்டியைப் பிடுங்கி உள்ளே வைத்தேன்.

அது எங்கள் கால்பந்து அணிக் கேப்டனின் கைப்பட்டை. ஏர்கான் பழுதுபார்ப்பது அவர் வேலை, பையில் எப்போதும் டேப் இருக்கும். ஞாயிறுதோறும் மேட்சுக்கு முன்னால் சட்டைக் கையின்மேல் மூன்று சுற்றுச் சுற்றிப் பல்லால் கடித்து அறுப்பார். “ஏண்ணே, கடையில ஒரு பட்ட வாங்கினா என்ன?” என்று கேட்டால், “வாங்கினது கழண்டு விழும் லா. ஒட்டினது, நாமளா உரிச்சாத்தான் வரும்” என்பார்.

என்னைத் திரும்ப ஆட வைத்தவர் அவர்தான். இருபத்தெட்டு வயதில் முழங்கால் பிசகியதோடு பந்தை விட்டிருந்தேன். பிறகு கல்யாணம், பிள்ளைகள், ஷிப்டு வேலை. நாற்பத்திரண்டாவது வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மார்க்கெட்டுக்குப் போய்விட்டு ஃபேரர் பார்க் திடலோரம் நின்றிருந்தேன். மீன் பையிலிருந்து தண்ணீர் செருப்பில் சொட்டுவதுகூடத் தெரியவில்லை. வெளியே போன பந்தை எடுக்க வந்தவர், அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். “தம்பி, வேடிக்க பாக்குறவன் கண்ணு பந்து மேல இருக்கும். உன் கண்ணு காலி எடத்து மேல இருக்கு. எந்தப் பொசிஷன் ஆடின?” நடுவர் விசிலடித்து அவசரப்படுத்தியும் என் பதிலைக் கேட்டுவிட்டுத்தான் போனார். அடுத்த வாரமே பூட்ஸ் வாங்கிவிட்டேன். முதல் மேட்சில் பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. கால்வாயோரம் குனிந்து வாந்தியெடுத்தேன். முதுகில் தண்ணீர் ஊற்றியபடி அவர் சொன்னார்: “பழைய எஞ்சின். சூடாக நேரமாகும். ஆஃப் மட்டும் பண்ணிடாத.”

எங்கள் சமூக லீக்கில் எத்தனை பேரை வேண்டுமானாலும் மாற்றலாம், வெளியே வந்தவர் மறுபடி உள்ளேயும் போகலாம். மற்ற அணிகளில் கோட்டோரம் நிற்பவர் பெயர் சொல்லிக் கத்தி அழைப்பார். எங்களிடம் அது கிடையாது. களைத்தவன் தானே கையைத் தூக்குவான். அப்போதுதான் அடுத்தவன் உள்ளே போவான். கேப்டன் வைத்த வழக்கம். “வேலயில சூப்பர்வைசர் போன்னா போறோம், வீட்ல வான்னா வர்றோம். இங்கயாவது நம்ம காலு நம்ம பேச்சக் கேட்டு வெளிய வரட்டும்.” இந்த வழக்கத்தால் சில மேட்சுகளைத் தோற்றும் இருக்கிறோம். அப்போதெல்லாம் யாரும் முகம் சுளித்ததில்லை.

மூன்று ஆண்டுகள் போயின. அந்த ஆண்டு லீக்கின் கடைசி மேட்சில் ஜெயித்தால் அதே பிரிவில் இருப்போம், இல்லையென்றால் கீழ்ப்பிரிவு. கேப்டனுக்கு அப்போது ஐம்பத்தொன்று, என்னைவிட ஆறு வயது மூத்தவர். மூட்டு அறுவைக்கு நாள் குறித்தாகிவிட்டது. டேப்பைச் சுற்றிக்கொண்டே என்னிடம் மட்டும் சொன்னார்: “இன்னிக்கி முழு மேட்ச்சும் ஆடிர்றேன். விசில் அடிச்சதும் நானே கை தூக்கிடுறேன். அதோட சரி. யார்ட்டயும் சொல்லாத.” தலையாட்டினேன்.

ஒரு கோல் முன்னிலையில் இருந்தோம். இரண்டாம் பாதியில் எனக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ள, கையைத் தூக்கிவிட்டு வந்து ஐஸ் பெட்டியின்மேல் உட்கார்ந்தேன். கால் மணி நேரம் பாக்கி. எதிரணியின் இளைஞன் ஒருவன் கேப்டனை மூன்று முறை தாண்டிப் போய்விட்டான். பக்கத்தில் இருந்தவர்கள் நச்சரித்தார்கள். “ப்ரோ, கேப்டன் நடக்குறாரு. நீங்க சொன்னாத்தான் கேப்பாரு.” அவர் சொன்ன ரகசியத்தை நான் உடைத்திருக்கலாம். உடைத்திருந்தால் ஒருவரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். பந்து வெளியே போனது. நான் எழுந்து நின்று கத்தினேன்: “அண்ணே! வெளிய வாங்க!”

அவர் முதலில் திரும்பித் தன் பின்னால் பார்த்தார், நான் வேறு யாரையோ அழைக்கிறேன் என்று. பிறகு திடலின் முழு அகலத்தையும் நடந்தே கடந்து வந்தார். டேப்பை ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று என்று நிதானமாக உரித்துப் பெட்டியின் மூடியில் ஒட்டினார். “நான் கை தூக்கல” என்றார். அவ்வளவுதான். விசில் அடிக்கும்வரை ஓரமாக நின்று, எதிரணிக்காரர்களுக்குக் கைகொடுத்துவிட்டுப் போனார். ஜெயித்தோம். குதித்தோம், படம் எடுத்துக்கொண்டோம். அந்தப் படத்தில் அவர் இல்லை. அடுத்த ஆண்டே கீழ்ப்பிரிவுக்கு இறங்கினோம்.

அணிக்காகச் செய்தேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அணியும் இல்லை, ஒன்றும் இல்லை. நான் உட்கார்ந்துவிட்டேன், என்னைவிட மூத்தவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

சில மாதங்கள் கழித்து மார்க்கெட்டில், முருங்கைக்காய்க் கட்டுக்கு எதிரே அவரைப் பார்த்தேன். “நல்லா இருக்கீங்களா?” என்றார். என்னை ஒருநாளும் ‘நீ’ என்பதைத் தவிர வேறு சொல்லால் அழைக்காத மனிதர். “அண்ணே, அன்னிக்கி...” என்று தொடங்கினேன். “ஜெயிச்சோம்ல, விடுங்க” என்று சொல்லி, காயை முறுக்கிப் பார்க்காமலே வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதன்பிறகு நான் வாரத்தில் வேறு நாளில் மார்க்கெட்டுக்குப் போகிறேன்.

இப்போது எங்கள் அணியில் கையைத் தூக்கும் வழக்கம் இல்லை. நான் கெடுத்தபிறகு அதை யார் காப்பாற்றுவது? கிளமெண்டியிலிருந்து வரும் புதிய கேப்டன் நல்ல பிள்ளை, கைபேசியில் எல்லாருக்கும் நேரம் குறித்து வைத்திருக்கிறான். போன ஞாயிறு இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே அவன் குரல் கேட்டது: “அங்கிள், சப்! வெளிய வாங்க!”

நானும் திரும்பிப் பின்னால்தான் பார்த்தேன்.

எல்லாரும் கைதட்டினார்கள், பெட்டியின்மேல் இடமும் விட்டார்கள். நான் உட்காரவில்லை. மேட்ச் முடிந்ததும் வழக்கம்போலப் பெட்டியை வீட்டுக்குத் தூக்கி வந்து, ஸ்டோர் ரூம் வாசலில் வைத்து, நகத்தால் டேப்பின் நுனியை நெருடிப் பார்த்தேன். வரவில்லை. அது நான் ஒட்டியதல்லவே.