பதினோரு தடவை கூப்பிட்டேன்

நாலு வருஷத்துக்கு முன்னால், குற்றாலத்தில் நல்ல சீசன் நேரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. தென்காசியிலிருந்து காலையிலேயே பஸ் பிடித்துப் போய், அருவிக்குப் பக்கத்தில் வண்டி நிறுத்துமிடத்தில் சீட்டு கிழித்துக் கொடுக்கிற ஒப்பந்த வேலை எனக்கு. அதிகம் வாயைத் திறக்க வேண்டாத வேலை என்பதால்தான் அதில் சேர்ந்தேன். பள்ளிக்கூடத்தில் மைக் முன்னால் நின்று, ஒரு குறள்கூட சொல்ல வராமல் அழுதுகொண்டே இறங்கியவள் நான்.

அன்றைக்குப் பார்த்து, காணாமல் போனவர்களை மைக்கில் அறிவிக்கிற அண்ணாச்சிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. சூப்பர்வைசர் நேராக என்னிடம் வந்து, "ஏ பிள்ள, இன்னைக்கு நீ மைக்ல உக்காரு" என்றார்.

"எனக்குப் பேச வராது சார்."

"அப்ப இப்ப என்ன பண்ணுத?" என்று கேட்டு, அறிவிப்பு அறையின் சாவியைக் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார்.

முதல் அறிவிப்பில் சுவிட்சைப் போடவே மறந்துவிட்டேன். இரண்டாவதில் குரல் நடுங்கிய நடுக்கத்தில் எதிர் சிப்ஸ் கடைக்காரர்கள் சிரித்தார்கள். எப்போது சாயங்காலம் ஆகும் என்று உட்கார்ந்திருந்தேன்.

பதினோரு மணி வாக்கில், அறை வாசல்படியில் ஒருவர் உட்கார்ந்திருப்பதைக் கவனித்தேன். முப்பது வயசு தாண்டியிருக்கும். குளித்து, எண்ணெய்த் தலையைப் படிய வாரி, கழுத்துவரை பட்டன் போட்டு, மடியில் ஒரு பையை வைத்திருந்தார். பேச்சு மட்டும் அஞ்சு வயசுப் பிள்ளையின் பேச்சு. புத்தி தெளியும் என்று இப்படிப்பட்டவர்களை அருவியில் குளிக்க வைக்கக் கூட்டி வருவது எங்கள் பக்கம் வழக்கம்தான். தன் பெயரைச் சொன்னார். அக்காவோடு வந்தாராம். எந்த ஊர் என்றால், "எங்க வீடு" என்றார்.

நடுக்கத்தோடு அவர் பெயரை அறிவித்தேன். ஒலிபெருக்கியில் பெயர் வந்ததும் எழுந்து நின்று கை தட்டினார். யாரும் வரவில்லை.

என் குரல்தான் சரியில்லை என்று நினைத்தேன். அருவி இரைச்சலில் இந்த முனகல் யாருக்குக் கேட்கும்? சொல்ல வேண்டியதைச் சீட்டின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொண்டேன். வெந்நீர் குடித்தேன். நிறுத்தி நிதானமாகப் படித்தேன். ஆறாவது தடவை முடிந்ததும் சிப்ஸ் கடை அண்ணாச்சியே வந்து, "இப்ப நல்லா வெளங்குதும்மா, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்கும்" என்றார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என்னாலும் முடிகிறதே என்று. வாசலில் ஒரு மனுஷர் காத்துக் கிடக்கிறார், எனக்கு என் குரல் பெரிதாகப் போயிற்று.

மத்தியானம் தாண்டியும் யாரும் வராததால், விலாசம் ஏதும் கிடைக்குமா என்று அவர் பையைத் திறந்தேன். இஸ்திரி போட்ட துணி ஐந்து செட். துண்டு. புது சோப்பு டப்பா. மாத்திரை அட்டைகளில் "காலை", "ராத்திரி" என்று பேனாவால் குண்டு குண்டாக எழுதியிருந்தது. விலாசமோ போன் நம்பரோ இல்லை.

ஒரு குளியலுக்கு வந்தவர்கள் ஐந்து செட் துணி கொண்டு வர மாட்டார்கள்.

"அக்கா எங்க போனாவ?" என்று கேட்டேன்.

"அக்காதான் இங்கன இருக்கச் சொன்னா. மைக்ல எம் பேரு வரும்னு சொன்னா. வந்துட்டுல்லா!" என்று சிரித்தார்.

அந்த அக்காவை மனசுக்குள் வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஆனால் அந்தத் துணிகளை மடித்திருந்த விதத்தைப் பார்த்தால் திட்டவும் முடியவில்லை. எங்காவது கூட்டத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள், மனசு மாறித் திரும்புவாள் என்று தோன்றியது. எழுதி வைத்த சீட்டைத் தள்ளிவிட்டு அவளிடமே பேசினேன். தம்பி சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார், யாரும் எதுவும் கேட்க மாட்டோம், வந்துவிடுங்கள் என்றேன். ஒவ்வொரு தடவையும் அவர் கை தட்டிவிட்டு, "இன்னொரு தடவ சொல்லு" என்றார். பதினோராவது தடவை என் குரல் துளிகூட நடுங்கவில்லை. கணீரென்று இருந்தது.

சாயங்காலம் பெண் போலீஸ் ஒருவர் வந்தார். "இனிமே கூப்பிடாதம்மா, அவங்க வர மாட்டாங்க" என்றார். காப்பகத்துக்குக் கூட்டிப் போக ஜீப்பில் ஏற்றினார்கள். ஏறும்போது அவர் என்னிடம், "அக்கா வந்தா சொல்லுவியா?" என்று கேட்டார்.

"சொல்லுதேன்" என்றேன்.

நானும் நாலு சீசனாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். யாரும் வந்து கேட்கவில்லை. அவரை வேறு மாவட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்பதோடு சரி, மேற்கொண்டு எதுவும் எனக்குத் தெரியாது.

இப்போது மைக் வேலை என்னுடையதுதான். புதிதாகச் சேர்கிற பெண்கள் பயம் எப்படிப் போனது என்று கேட்டால், பழகப் பழகப் போய்விடும் என்று சொல்லி வைக்கிறேன். ஆனால் ஒரு பெயரை அறிவித்துவிட்டு யாராவது ஓடி வருகிறார்களா என்று பார்க்கிற ஒவ்வொரு முறையும் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் யாரும் வராவிட்டால், என் குரல் கேட்டிருக்காது என்று சொல்லித் தப்பிக்க இப்போது எனக்கு வழியில்லை.