மல்லிகை முரண்டு பிடித்த சனிக்கிழமை

கராம்பு எண்ணெயைச் சவர்க்காரத்தில் ஊற்றுகிறவள் மூச்சை அடக்கிக்கொண்டுதான் ஊற்ற வேண்டும். கூழாக இருந்த கலவை கண்ணை மூடித் திறப்பதற்குள் கட்டியாகிவிடும். கறுவாப்பட்டை எண்ணெயும் லேசுப்பட்டதல்ல, கட்டியாவதோடு கொதிக்கவும் தொடங்கும். தோடம்பழத் தோல் எண்ணெயின் வாசனை, சவர்க்காரம் காயுமுன்பே சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். வனிலா தொட்டதையெல்லாம் பழுப்பாக்கும். எலுமிச்சைப் புல் ஒன்றுதான் சொன்ன சொல் கேட்கிற பிள்ளை. கல்யாணத்துக்கு முன்பு மாத்தளைக்குப் பக்கத்தில் ஒரு வாசனைத் தோட்டத்தில் வேலை செய்தேன். சீகிரியா பார்த்துவிட்டு வரும் வெள்ளைக்காரர்களுக்கு விற்க அங்கே குளிக்கிற சவர்க்காரம் செய்வோம். இதையெல்லாம் அங்கேதான் விரலைச் சுட்டுக்கொண்டு படித்தேன்.

கல்யாணத்துக்குப் பிறகு வீட்டுப் பின் விறாந்தையிலேயே செய்யத் தொடங்கினேன். அக்கம்பக்கத்தில் நான் சவுக்காரம் காய்ச்சுவதாகச் சொல்வார்கள். எனக்குக் கோபம் வரும். காய்ச்சுவதே கிடையாது. காரச் சோடாவைத் தண்ணீரில் கரைத்தால் அது தானாகவே கொதிக்கும். அதை ஆறவிட்டுத் தேங்காய் எண்ணெயில் ஊற்றி, கூழாகும்வரை கிண்டி, வாசனையைக் கலந்து அச்சில் ஊற்ற வேண்டும். பிறகு காரம் அடங்க ஆறு கிழமை, அதாவது ஒன்றரை மாதம், காய வேண்டும். வேலை அரை மணி, மிச்சமெல்லாம் பொறுமை. அந்தப் பொறுமை மட்டும் எனக்கு இன்றுவரை வாய்க்கவில்லை.

சண்டைக் காலத்தில் காரச் சோடா என்கிற வெள்ளைத் தூளோடு பஸ்ஸில் போவது சின்ன விஷயமல்ல. பையில் எப்போதும் ஒரு சவர்க்காரம் வைத்திருப்பேன். சோதனைச் சாவடியில் தூளைப் பார்த்து முகம் கறுத்த ஆமிக்காரர் ஒருவர், கட்டியை முகர்ந்து பார்த்துவிட்டுத் தன் மனைவிக்கு என்று கேட்டு வாங்கிக்கொண்டார். அதன் பிறகு இரண்டு கட்டி கொண்டுபோனேன்.

என் வீட்டுக்காரர் யாழ்ப்பாணம். மாத்தளையில் அரசாங்க வேலை. நான் மலைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். தாய் இல்லாத அவரை வளர்த்தது மூத்த அக்கா. எங்கள் கல்யாணத்துக்கு அந்த அக்கா வரவில்லை. சண்டையால் யாழ்ப்பாணப் பாதை பூட்டியிருந்தது என்பது வெளியே சொன்ன காரணம். திறந்திருந்தாலும் வந்திருக்க மாட்டார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். தோட்டத்துப் பெண் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கிற குடும்பம் அல்ல அது. "அக்கா உன்ரை கையாலை ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சாப் போதும், எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம்," என்று என் வீட்டுக்காரர் ஒரு நாள் சொன்னார். அன்றிலிருந்து அது என் ஆசையாகவும் ஆகிவிட்டது.

பாதை திறந்த வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவதாக அக்கா கடிதம் போட்டார். அதற்கு முதல் நாள், சனிக்கிழமை, எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பதறினால் நான் சவர்க்காரம் செய்வேன், அது என் சுபாவம். அவர்கள் வீட்டு முற்றத்தில் மல்லிகைப் பந்தல் இருந்ததாம். கொழும்பு அத்தர் கடையிலிருந்து வாங்கிய மல்லிகை வாசனை எண்ணெய்ப் போத்தல் ஒன்று உடைக்காமலே கிடந்தது. வெள்ளை வெளேரென்று மல்லிகைச் சவர்க்காரம் போட்டு அவர் முன்னால் துண்டு போடுவதாகக் கற்பனை. புது எண்ணெயை முதலில் ஒரு கோப்பைக் கலவையில் பரீட்சித்துப் பார்க்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. ஆசைக்கு அரிச்சுவடி தெரியுமா?

மல்லிகையை ஊற்றிய அதே நிமிடம் பின்வாசலில் நிழல் தட்டியது. நிமிர்ந்தேன். வெள்ளைச் சேலை, கையில் ஒரு பை, தோளில் ஒரு பிளாஸ்க். பார்த்ததும் தெரிந்துவிட்டது, என் வீட்டுக்காரரின் அக்கா, எனக்கு அண்ணி முறை.

"வான் ஒண்டு கிடைச்சுது, ஒரு நாள் முந்தி வெளிக்கிட்டனான்," என்றார். "முன்னாலை தட்டிப் பாத்தன், ஒருத்தரும் இல்லை."

என் வீட்டுக்காரர் கலேவெலச் சந்தைக்கு மரக்கறி வாங்கப் போயிருந்தார். "வாங்க அண்ணி, உக்காருங்க. கை இதுல மாட்டிக்கிச்சு. இத முடிச்சிட்டு டீ போட்டுத் தர்றேன்."

"வேண்டாம் பிள்ளை. பிளாஸ்கிலை கொண்டந்தனான்."

குரலில் ஒரு கடுமையும் இல்லை. அதுதான் சுருக்கென்று தைத்தது. பதில் சொல்ல வாயெடுத்தால் கரண்டி அசையவில்லை. சட்டிக்குள் குத்திட்டு நின்றது. மல்லிகை, கராம்பையே தோற்கடித்துவிட்டது. கலவை உதிரி உதிரியாக, சூடாக, என்னைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. அழுகை வந்தது. சட்டியைப் பார்த்தா, பிளாஸ்கைப் பார்த்தா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அண்ணி எட்டிப் பார்த்தார். "என்ன பிள்ளை, புட்டு மாவே?"

"சவுக்காரம் அண்ணி. பிடிச்சுக்கிச்சு. இனி ஊத்த முடியாது. சூடு ஆறுறதுக்குள்ள அச்சுல அடைக்கணும், இல்லன்னா எல்லாம் வீண்."

"சவுக்காரமோ? இவ்வளவுமோ?" என்று கேட்டவர் பையைக் கீழே வைத்தார். சேலையை இழுத்துச் செருகினார். "கையுறை இருக்கே?"

ஒரு சோடிதான் இருந்தது. அதை அவருக்குக் கொடுத்துவிட்டு நான் பொலித்தீன் பைகளைக் கையில் மாட்டி நூலால் கட்டிக்கொண்டேன். பெட்டி அச்சில் அந்தக் கட்டி படியவில்லை. அண்ணி சுற்றுமுற்றும் பார்த்தார். தண்ணீர்க் குழாய் போட்டபோது மிஞ்சிய பிளாஸ்டிக் பைப் துண்டுகள் மூலையில் கிடந்தன. "உந்தப் பைப்பை எடும்." ஒன்றை நிமிர்த்தி, புட்டுக்குழலில் மா போடுவதுபோலவே பிடி பிடியாகப் போட்டார். "புட்டெண்டால் அமத்தக் கூடாது. இதை அமத்தோணும் போலை கிடக்கு," என்று தானே கண்டுபிடித்து, அகப்பைக் காம்பால் இடித்தார். தேங்காய்ப்பூதான் குறை.

இடித்துக்கொண்டே பேசினார். யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒரு கட்டி சவர்க்காரத்தை நூலால் நாலாக அறுத்துப் பாவித்தார்களாம். அதுவும் தீர்ந்தபிறகு பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தார்களாம். "தோய்ச்சுக் கொடியிலை போட்டன். திரும்பி வந்து பாத்தால் மாடு என்ரை சேலையைச் சப்பிக்கொண்டு நிக்குது. பனம்பழ வாசம் எல்லே. பாதிச் சேலையை மாட்டின்ரை வாயாலை இழுத்தெடுத்தன்." நான் சிரித்துவிட்டேன். சிரிக்கலாமா என்று யோசிப்பதற்குள் அவரும் சிரித்தார்.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்தபோது நாங்கள் இருவரும் விறாந்தையில் குந்தியிருந்து சட்டி சுரண்டிக்கொண்டிருந்தோம். மரக்கறிப் பையை இறக்க மறந்து அப்படியே நின்றார்.

மறுநாள் பைப்பிலிருந்து தள்ளினோம். வட்ட வட்டமாக வந்தது, புட்டேதான். ஆனால் மல்லிகை வெள்ளை எங்கே? கருப்பட்டி நிறம். அந்த அத்தர் கடைக்காரர் மல்லிகைக்குள் வனிலாவையும் கலந்திருக்கிறார், படுபாவி.

"எப்ப போட்டுக் குளிக்கலாம்?" என்று அண்ணி கேட்டார்.

"ஆறு கிழமை காயணும் அண்ணி."

செவ்வாய்க்கிழமை திரும்ப வேண்டியவர், "காயட்டும்," என்றார். ஆறு கிழமையும் எங்களோடு நின்றுவிட்டார்.

ஆனால் அடுப்பை என்னிடம் தரவில்லை. "நீர் சவுக்காரத்தைப் பாரும், சமையலை நான் பாக்கிறன்," என்று முதல் நாளே சொல்லிவிட்டார். கேட்கிறவர்களுக்கு உதவி போலத்தான் இருக்கும். எனக்கா புரியாது? மூன்று வேளையும் அவர் சமைத்து நான் சாப்பிட்டேன், அவர் ஊற்றிய தேநீரை நான் குடித்தேன். என் கோபமெல்லாம் என் வீட்டுக்காரர் தலையில்தான் விடிந்தது.

அப்படியும் எங்களுக்கு நன்றாகத்தான் பொழுது போனது. மல்லிகையை விடக்கூடாது என்று அண்ணி ஒற்றைக்காலில் நின்றார். சின்னச் சின்னக் கலவையாகப் போட்டுப் பார்த்தோம். காரத்தண்ணீரையும் எண்ணெயையும் நன்றாக ஆறவிட்டோம். தண்ணீரைக் கொஞ்சம் கூட்டினோம். வாசனையைத் தனியாகத் தேங்காய் எண்ணெயில் கலந்து வைத்து, கலவை கெட்டியாகுமுன் சேர்த்து, அவசரப்படாமல் கையால் கிண்டினோம். நான் அவசரப்பட்டால், "ஆறுதலாய், ஆறுதலாய்," என்பார். நான்காவது முறை மல்லிகை வழிக்கு வந்தது. நிறம் மட்டும் கருப்பட்டிதான்.

ஆறு கிழமை முடிந்தது. புறப்படும் காலை அண்ணி அந்த முதல் சவர்க்காரத்தில் குளித்தார். மிச்ச வட்டங்களைச் சேலைக்குள் சுற்றிப் பையில் அடுக்கினார். ஓட்டோ வாசலில் வந்து நின்றது. பிளாஸ்கைக் கழுவித் துடைத்துக்கொண்டு என் முன்னால் வந்தார்.

"இதுக்குத் தேத்தண்ணி ஊத்தித் தாரும்."

நான் அவரையே பார்த்தேன்.

"என்ன பாக்கிறீர்? தூர வழி. கடைத் தேத்தண்ணி எனக்கு ஒத்துவராது."

அடுப்பைப் பற்றவைத்தேன். இஞ்சி தட்டிப் போட்டேன், ஏலக்காய் போட்டேன், சீனி எத்தனை கரண்டி போட்டேன் என்று தெரியாது. பிளாஸ்கை வாங்கியவர் ஓட்டோவில் ஏறவில்லை. வாசலிலேயே நின்று மூடியில் ஊற்றினார். என் வீட்டுக்காரர் பையைத் தூக்கிய கையோடு பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணி ஊதி ஊதி முழுவதையும் குடித்தார்.

"சீனி கூடிப்போச்சு," என்றார். இன்னொரு மூடி ஊற்றிக்கொண்டார்.